சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் கொஞ்சம் சரித்திரம்

(பழைய மாணவர், பி.ஏ. வரலாறு, 1987–90)

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "நீ மெஸ் செகரட்டரியா இருந்தவன்தானே, ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி ஒரு கட்டுரை குடுடா" என்றார். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதினால் அது கட்டுரையாக இராது, ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் இருக்கும். 1989-ல் மூன்று மாதம் தொடர்ந்து பூசணிக்காய் சாம்பார் போட்டதற்குக் காரணம் என்ன என்று இன்றைக்கும் சில பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ரகசியம் என்னோடு போகட்டும். அதற்குப் பதிலாக, நான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து திரிந்த ஒரு பகுதியைப் பற்றியும், அங்கே நான் சாப்பிட்ட கடைகளைப் பற்றியும் எழுதுகிறேன் என்றேன். "அது வரலாறா?" என்று கேட்டார். வரலாறுதான். படித்துப் பாருங்கள்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார். "தாஜ்மகாலை ஷாஜகான் கட்டினான்னு எல்லாரும் எழுதிடுவீங்க. கல்லைத் தூக்கினவன் மத்தியானம் என்னப்பா சாப்பிட்டான்? எவனாவது எழுதியிருக்கானா?" பரீட்சையில் வராத கேள்வி என்பதால் நாங்கள் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பட்டம் வாங்கி ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் அலைந்து, அம்மாவின் நகையை விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்து, 1995 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போய் இறங்கியபோதுதான் அந்தக் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. இப்போது கல்லைத் தூக்குகிறவர்கள் பக்கத்தில் நானே உட்கார்ந்திருந்தேன் அல்லவா!

எங்களைப் போன்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா. சிராங்கூன் ரோடு முழுக்க நம் ஆட்கள்தான். ஊர்க்காரனைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், வாழை இலையில் ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன். அங்கே 1947-ல் ஆரம்பித்த கோமள விலாஸ் இருக்கிறது, அதற்கும் முந்தைய ஆனந்த பவன் (1924) இருக்கிறது. தோசையைப் பற்றி நம்மவர்களுக்கு நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சிங்கப்பூரின் பெயரைச் சொல்லும் மீன் தலைக் கறி நம் ஊரிலிருந்து போனது அல்ல. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949 வாக்கில் சோபியா ரோட்டுப் பக்கம் கடை வைத்தபோது, மீனின் தலையைச் சீனர்கள் விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்து, நம் பக்கத்துப் புளிக்குழம்பில் அதை முழுசாக இறக்கிவிட்டார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. குழம்பு இங்கிருந்து, ஆசை அங்கிருந்து. இந்தியாவில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இல்லாத ஒரு பண்டம் அப்படித்தான் பிறந்தது.

தேக்காவை விட்டு என்னை வெளியே இழுத்துப் போனவர் எங்கள் சைட்டில் கம்பி கட்டிய ஒரு தாய்லாந்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தாய் மொழி தெரியாது (எந்தத் தாய்மொழி என்று கேட்காதீர்கள்). இருவருக்கும் தெரிந்த மலாய் வார்த்தைகள் மொத்தம் நாற்பது இருக்கும். அவர் எங்கே கூட்டிப் போனார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த முதல் நடைக்குப் பிறகு நான் தனியாகவே சுற்றத் தொடங்கினேன். சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி, நார்த் பிரிட்ஜ் ரோடு, மிடில் ரோடு, அரபு ஸ்திரீட் வழியாகப் பீச் ரோடு போய்ச் சேர்வது. ஒன்றரை மைல்கூட இராது. வழியில் ஆசியாக் கண்டத்தின் பாதி வந்துவிடும்.

சிட்டி ஹால் பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1856-ல் அடிக்கல் போட்டு, 1862-ல் புனிதப்படுத்தியது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825-லிருந்து 1873 வரை சென்னை, வங்காளம், பம்பாய் பக்கத்துக் கைதிகளைக் கொண்டுதான் ஆங்கிலேயர் அந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் போட்டார்கள். தேவாலயத்துச் சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் கூழாக்கி, தேங்காய் மட்டை ஊற வைத்த தண்ணீர் விட்டு இளக்கி, பூசிய பிறகு வழவழவென்று தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல. முட்டை, சர்க்கரை, தேங்காய் என்று சாமான் பட்டியலைப் படித்தால் பலகாரம் செய்வது போலிருக்கும். அந்தக் கைதிகளுக்கு அதில் ஒரு முட்டையாவது தின்னக் கிடைத்திருக்குமா என்று அந்தச் சுவரைப் பார்க்கிறபோதெல்லாம் நினைப்பேன். பேராசிரியர் கேட்ட கேள்வி இதுதானே.

தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் பெனின்சுலா பிளாசா என்ற கட்டடம். சிங்கப்பூரில் இருக்கும் பர்மியர்கள் கூடுகிற இடம் அது. நான் முதலில் ஒரு கடிகார பேட்டரி வாங்கத்தான் உள்ளே போனேன். ஒரு வாசனை வந்து என்னை அப்படியே நிறுத்திவிட்டது. என் ஹாஸ்டல் அறைத்தோழன் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பையன். அவன் அம்மா ஒருமுறை எங்களுக்கு 'மொய்ங்கா' செய்து போட்டார்கள். மீனை வேகவைத்துக் கரைத்த சாறு, அதில் வாழைத்தண்டு, மேலே அரிசிச் சேமியா. அதே வாசனை. நம் ஊர்களில் 'பர்மா காலனி' என்று ஒன்று இருக்கிறதே, அது ஏன் வந்தது என்று இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இரண்டு மூன்று தலைமுறையாக ரங்கூனில் வியாபாரம் செய்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். சென்னையில் பர்மா பஜார் பக்கம் 'அத்தோ' விற்பது அவர்கள் கொண்டுவந்த சொத்து, சுங்கத்தில் யாராலும் பிடுங்க முடியாத சொத்து. அறைத்தோழனின் அம்மாவுக்கு அன்று இரவே கடிதம் எழுதினேன். "அங்கே வாழைத்தண்டு போடுகிறார்களா, இல்லை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டுப் பதில் வந்தது. போட்டிருந்தார்கள்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் ராபிள்ஸ் ஓட்டல். 1887-ல் ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ் குடும்பத்தார் தொடங்கியது. உள்ளே போக எனக்கு வசதியும் இல்லை, செருப்பும் சரியில்லை. ஆனால் அதன் பின்புறத் தெருக்கள் என் தெருக்கள். சியா ஸ்திரீட், பர்விஸ் ஸ்திரீட், மிடில் ரோடு. இவை ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களின் பகுதி. தங்களுக்குள் அவர்கள் ஹைனான் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்றே சொல்லிக்கொண்டார்கள்.

சீனர்கள் என்றால் எல்லாரும் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். நம்மையும் அவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது வேறு. ஹொக்கியன்காரர், டியோசியூக்காரர், கான்டனியர் எல்லாரும் முன்னால் வந்து வியாபாரத்தையும் கைத்தொழிலையும் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஹைனான்காரருக்கு மிஞ்சியது வெள்ளைக்காரன் வீட்டுச் சமையல்கட்டும், ஓட்டலும், கப்பலும்தான். ராபிள்ஸ் ஓட்டலில் 1915-ல் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற மதுக்கலவையைக் கண்டுபிடித்ததாகப் புகழ்பெற்ற ஙியாம் டோங் பூன் ஹைனான்காரர்தான். பிறகு அவர்களில் பலர் சொந்தமாகக் காப்பிக்கடை வைத்தார்கள். அவர்கள் ஊர் வேங்சாங் கோழிச் சமையலிலிருந்து வந்ததுதான் ஹைனான் கோழிச் சோறு. கோழியைத் தண்ணீரில் வேகவைத்து எடுத்து, அந்தத் தண்ணீரிலும் கோழிக் கொழுப்பிலும் சோறு ஆக்குகிறார்கள். மசாலா கிடையாது. முதல் தடவை தின்றபோது, "என்னடா, காய்ச்சல்காரன் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றுதான் தோன்றியது. நாலாவது தடவை அந்த இஞ்சி மிளகாய்ச் சட்னிக்காகவே போனேன். இதைப் பிரபலமாக்கிய சுவீ கீ என்ற கடை மிடில் ரோட்டில் 1949-ல் தொடங்கியது. நான் அங்கிருந்தபோதே 1997-ல் மூடிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை போய்ச் சாப்பிட்டேன். அந்த மாதம் ஓவர்டைம் கிடைத்திருந்தது.

அதே மிடில் ரோடு யுத்தத்துக்கு முன்னால் ஜப்பானியர்களின் தெருவாகவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் ஜப்பானியத் துணிக்கடைகள், பல் வைத்தியர்கள், போட்டோ ஸ்டூடியோக்கள், ஓட்டல்கள் எல்லாம் இருந்தன. வறுமையால் விற்கப்பட்டு வந்த ஜப்பானியப் பெண்களின் விடுதிகளும் பக்கத்துச் சந்துகளில் இருந்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை வருஷம் ஊருக்கே 'சியோனான்' என்று பெயர் மாறிவிட்டது. அரிசி ரேஷன். சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1945-ல் தோற்ற பிறகு ஜப்பானியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்று ஜப்பானியச் சாப்பாடு சிங்கப்பூரில் மூலைக்கு மூலை கிடைக்கிறது. ஆனால் அந்தப் பழைய தெருவை யாராவது காட்டினால்தான் தெரியும்.

இந்த மரவள்ளிக்கிழங்குக் கதையை எனக்குச் சொன்னவர் பீச் ரோட்டு உணவு நிலையத்தில் மீ கோரெங் கடை வைத்திருந்த ஒரு கடையநல்லூர்க்காரர். அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். "எங்க உம்மா சாகிற வரைக்கும் மரவள்ளிக்கிழங்கைக் கண்ணால பாக்க மாட்டாங்க தம்பி. அடுத்த வீட்டுல வேகவச்சாக்கூட எந்திரிச்சுப் போயிருவாங்க" என்பார். மீ கோரெங் என்பது சீனரின் மஞ்சள் மீயை நம் தமிழ் முஸ்லிம்கள் ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, தக்காளிச் சாறு, மிளகாய் விழுது போட்டுப் புரட்டுகிற பண்டம். கடையநல்லூரில் கேட்டால் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திராது. "சீனன் மீ, மலாய்க்காரன் பேரு, நம்ம கை" என்று பாய் சொல்லுவார்.

பாயின் தகப்பனார் தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர். அந்தக் காலச் சிங்கப்பூரில் தெருவோர வியாபாரிகள் ஆயிரக்கணக்கில். சாக்கடை ஓரம், ஒரே வாளித் தண்ணீரில் தட்டுக் கழுவுதல், அதிகாரி வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டம். 1950-ல் இதை ஆராய ஒரு விசாரணைக் கமிஷனே போட்டார்கள். வேலை கிடைக்காதவனுக்கு இதுதான் பிழைப்பு என்பதும் உண்மை, நோய் பரவுகிறது என்பதும் உண்மை. சுதந்திர சிங்கப்பூர் 1968-69-ல் எல்லாரையும் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. சுமார் 18,000 பேர் தெருவில் இருந்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் உள்ள உணவு நிலையங்களைக் கட்டி, 1970-களிலும் 80-களிலும் படிப்படியாக அத்தனை பேரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1986-ல் அந்த வேலை முடிந்தது. பீச் ரோட்டு நிலையம் 1975-ல் வந்தது. பாயின் தகப்பனார் முதல் நாள் உள்ளே வந்து, குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஒரு தட்டு மீ விற்காமல். நம் ஊர்களில் தள்ளுவண்டிக்காரனை விரட்ட மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். 2020 டிசம்பரில் இந்த உணவு நிலையக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பாய் அதற்கு முன்பே போய்விட்டார்.

அரபு ஸ்திரீட் பகுதிக்குக் கம்போங் கிளாம் என்று பெயர். 1822-ல் ராபிள்ஸ் ஊரைப் பிரித்தபோது சுல்தானுக்கும் மலாய்க்காரர், புகிஸ்காரர், அரபு வியாபாரிகளுக்கும் என்று ஒதுக்கிய இடம். அங்குள்ள சுல்தான் பள்ளிவாசலின் தங்க நிறக் கும்மட்டத்தைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். கிட்டே போய்ப் பார்த்தால் அது வரிசை வரிசையாகப் பதித்த கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம். 1920-களில் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது, பணம் கொடுக்க முடியாத ஏழைகளும் பங்கு கொள்ளட்டும் என்று அவர்களிடம் பாட்டில்களை வாங்கிப் பதித்தார்களாம். சாஸ் பாட்டில் உட்பட. சமையல்கட்டிலிருந்து வந்த கோபுர அலங்காரம் வேறெங்காவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளிவாசலுக்கு எதிரே ஜம் ஜம் என்ற கடை 1908-லிருந்து இருக்கிறது. ஒட்டினாற்போல விக்டரி, 1910. இரண்டிலும் முர்தபாக்தான் முக்கியம். மாவை விசிறி விரித்து, நடுவில் கொத்துக்கறி, முட்டை, வெங்காயம் வைத்து மடித்துச் சுடுவது. அரபி மொழியில் 'மடித்தது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். இரண்டு கடை வாசலிலும் ஆள் நின்று, "வாங்க வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். நான் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று பொதுவாக இருந்துவிட்டேன். இந்தப் பக்கமே சுமத்ராவின் பாடாங் ஊர்க்காரர்களின் நாசி பாடாங் கடைகள். சோற்றை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் இருக்கும் இருபது குழம்பில் எது வேண்டுமென்று விரலைக் காட்ட வேண்டும். விரல் அடங்காவிட்டால் பர்ஸ் காலி.

மலாய்க் கடைகளில் எனக்குப் பாதி வேலை காதிலேயே முடிந்துவிடும். கடைக்கு 'கெடை', கப்பலுக்கு 'கப்பால்', கொத்தமல்லிக்கு 'கெத்தும்பார்' (நம் பழைய 'கொத்தம்பரி'தான்), கறிக்கு 'காரி', ஆப்பத்துக்கு 'ஆப்போம்'. இடியாப்பம் அங்கே 'புத்து மாயம்' என்ற பெயரில் தேங்காய்ப்பூவும் வெல்லச் சர்க்கரையுமாக வருகிறது. சாத்தே என்பது நம் 'சதை'தான் என்று அடித்துச் சொல்லும் தமிழன்பர்களும் அங்கே உண்டு. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. வரலாறு படித்தவன் அந்தச் சுகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அவர்களிடமிருந்து நமக்கு வந்ததையும் கணக்கில் எழுத வேண்டுமே.

இப்போது அந்தத் தாய்லாந்துக்காரர் என்னை முதலில் அழைத்துப் போன இடத்துக்கு வருகிறேன். பீச் ரோட்டில், பாய் கடைக்கு எதிர்ப்புறம், கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ். பீச் ரோடு என்று பெயர்தானே தவிர கடல் கண்ணில் படாது. கடலைத் தூர்த்துத் தூர்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். படிக்கட்டு போலச் சாய்ந்து எழும் பதினாறு மாடிக் கட்டடம், 1973-ல் முடிந்தது. வீடு, கடை, ஆபீஸ் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும் நகரம் என்ற கனவோடு உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. அங்கிருந்துதான் ஹாட் யாய் ஊருக்கு பஸ் புறப்படும். பஸ் வந்த இடத்தில் தாய்லாந்துத் தொழிலாளிகள் கூடினார்கள், அவர்கள் கூடிய இடத்தில் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தால் சிங்கப்பூர் மறந்துபோகும். 2006-ல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் அதைச் செங்குத்தான சேரி என்று திட்டினார். பார்க்க அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பால்கனிக்குப் பால்கனி தகரமும் துணியுமாக அடைத்திருப்பார்கள். ஆனால் பசியோடு போனவனுக்கு முகப்பு எதற்கு?

அங்கே நாலு மேஜை போட்ட ஒரு கடை. நடத்தியவர் தாய்லாந்தின் வடகிழக்கு இசான் பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மா. மூத்தவர்களை அவர்கள் 'பீ' என்று கூப்பிடுவார்கள், அக்கா மாதிரி, அண்ணன் மாதிரி. நானும் பீ என்றே கூப்பிட்டேன். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சை, வேர்க்கடலையோடு உரலில் போட்டு இடிப்பார். அதுதான் சோம் தாம். மிளகாயும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தவை, நானூறு ஐந்நூறு வருஷக் கதை. ஆனால் அந்த உரல் சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணைச் சத்தம். தொட்டுக்கொள்ள ஒட்டும் சோறு, கையால் உருட்டித் தின்பது. நொதிக்க வைத்த மீன் சாற்றின் வாடையைக் கண்டு மற்ற ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவனுக்கு அது ஒரு பொருட்டா! நான் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து பீ சிரித்துவிட்டு, இன்னொரு கவளம் சோறு இலவசமாக வைத்தார்.

1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தைக் கைவிட்டது. ஆசிய நிதி நெருக்கடி என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அது தொடங்கிய நாள். அதுவரை ஒரு வெள்ளிக்கு 17, 18 பாட் கிடைத்தது, அடுத்த ஜனவரியில் 30 வரை போனது. முதல் இரண்டு மாதம் தாய்லாந்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், அனுப்புகிற பணம் ஊரில் ஒன்றரை மடங்காகிறது என்று. பிறகு ஊரிலிருந்த தம்பிக்கு வேலை போனது, மச்சானுக்கு வேலை போனது என்று கடிதங்கள் வந்தன. எங்கள் கம்பெனியும் ஆட்டம் கண்டது. அக்டோபர் சம்பளம் வரவில்லை. நவம்பரும் வரவில்லை. கையில் இருந்ததை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவின் நகைக் கடன் வட்டி நிற்காதல்லவா?

அந்த மாதங்களில் பீயின் கடையில்தான் கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். தேக்காவில் கேட்டிருந்தால் ஊர்க்காரன் யாராவது கொடுத்திருப்பான். ஆனால் மறு வாரமே ஊருக்குச் செய்தி போயிருக்கும், வீட்டில் அழுதிருப்பார்கள். பீக்கு என் பெயரை எழுத வராது. நோட்டில் என் பக்கத்தின் தலைப்பில் ஒரு மீசை வரைந்திருந்தார். (அப்போது மீசை கொஞ்சம் பெரிது. குரூப் போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. 1998 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனியை மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை விமானம். பீச் ரோட்டுக்குப் போய்வர யாரும் விடவில்லை. மீசைப் பக்கத்தில் அன்று இருந்த பாக்கி 23 வெள்ளி 40 காசு. நம் பணத்தில் அப்போது ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம்.

அதன் பிறகு ஊரில் கடை, கல்யாணம், குழந்தைகள் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. தபாலில் அனுப்பலாம் என்றால் கடை எண் தெரியாது, பீயின் முழுப்பெயர்கூடத் தெரியாது. இரண்டு வருஷம் சாப்பிட்ட கையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் வரலாறு படித்தவன்!

மகள் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாள். 2023 மார்ச்சில் அவளைப் பார்க்கப் போனேன். மறுநாளே பீச் ரோடு. அதற்குள் கதை முடிந்திருந்தது. 2021 அக்டோபரில் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அரசு அறிவித்தது. 2022-ல் மொத்தமாக 70 கோடி வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். கட்டடம் நிற்கும், ஆனால் மே மாதத்துக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். பாதிக் கடைகள் இரும்புக் கதவு இறக்கியிருந்தன. அட்டைப் பெட்டிகள், கழற்றிய மின்விசிறிகள். பீயின் கடை இருந்த இடத்தில் ஒரு கைப்பேசி ரிப்பேர் கடை இருந்து, அதுவும் மூடியிருந்தது. நாலைந்து பேரிடம் விசாரித்தேன். இசான்காரர் என்கிறீர்களே, இங்கே எல்லாரும் இசான்தான் என்றார்கள். மீசை நோட்டு என்று சொல்லிப் பார்த்தேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு கடை மட்டும் நடந்துகொண்டிருந்தது. சோம் தாம், ஒட்டும் சோறு. மகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, "அப்பா, இதையா ரெண்டு வருஷம் சாப்பிட்டீங்க?" என்றாள். பில் 18 வெள்ளி. நான் 50 வெள்ளி நோட்டைத் தட்டின் அடியில் வைத்துவிட்டு, "வா போகலாம்" என்று எழுந்துவிட்டேன். பஸ் நிற்கும் இடம் வரை வந்திருப்போம். கடையிலிருந்த பெண் செருப்புச் சத்தம் கேட்க ஓடி வந்து, "பீ! பீ!" என்று கூப்பிட்டு, மீதி 32 வெள்ளியை என் கையில் எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.